மெச்னிகோவின் முள்

அழற்சி என்ற சொல்லுக்குள் அழல் இருக்கிறது. முள் தைத்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்நான்கு குறிகளையும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்துவிட்டார். ஆனால் அந்த அழல் நோயா, நோயை எதிர்க்கும் போரா என்ற கேள்வி மேலும் பதினெட்டு நூற்றாண்டுகள் தீராமல் கிடந்தது. அதற்கு விடை சொன்னவர் மருத்துவர் அல்லர், ஒரு விலங்கியலாளர்.

1882-இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்தார் இல்யா மெச்னிகோவ். வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த ஒரு நாளில், கண்ணாடி போன்ற நட்சத்திரமீனின் இளம் உயிரியை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதனுள் ஊர்ந்து திரியும் செல்கள் உடலின் காவலர்களாக இருக்கலாமோ என்று அவருக்குத் தோன்றியது. தோட்டத்து ரோஜா முட்களை அதன் உடலில் செருகினார். மறுநாள் காலையில் செல்கள் முட்களைச் சூழ்ந்து நின்றன. வெள்ளணுக்கள் கிருமிகளைச் சுமந்து உடலெங்கும் பரப்புகின்றன என்று நோயியல் அறிஞர் பலர் நம்பிய காலம் அது. அவை கிருமிகளை விழுங்கி அழிப்பவை என்றார் மெச்னிகோவ். 1908-ஆம் ஆண்டின் நோபல் பரிசை பால் எர்லிக்குடன் பகிர்ந்துகொண்டார்.

பரிசு இருவருக்கும் கிடைத்தது என்றாலும், தொடர்ந்து வந்த காலம் எர்லிக்கின் எதிர்ப்பொருள்களுக்கே உரியதாயிற்று. பிறவியிலேயே அமைந்த பழைய காவல் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அதை மீட்டவர் யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஜேன்வே. தடுப்பூசியில் கிருமியின் புரதத்தோடு வேறொரு துணைப்பொருளையும் கலந்தால்தான் உடல் விழித்துக்கொள்கிறது, அது ஏன்? 1989-இல் இக்கேள்வியை எழுப்பிய அவர், கிருமிகளின் பொதுவான அடையாளங்களைக் கண்டறியும் ஏற்பிகள் நமக்குப் பிறவியிலேயே இருக்கவேண்டும் என்று ஊகித்தார். 1996-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் ழூல் ஹாஃப்மன் குழுவினர், 'டோல்' மரபணு பழுதான பழ ஈக்கள் பூஞ்சைத் தொற்றால் மடிவதைக் கண்டனர். மறு ஆண்டே மெட்ஜிதோவும் ஜேன்வேயும் மனிதரில் அதன் இணையைக் காட்டினர். 1998-இல் புரூஸ் பாய்ட்லர் எலிகளில் தொடர்ந்தார். 2011-இல் ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் நோபல் பரிசு வந்தது. ஜேன்வே 2003-இலேயே மறைந்திருந்தார்.

இதுவரை இது காவலின் கதை. எதிரியே இல்லாத இடத்தில் அழல் மூள்வது எப்படி?

2002-இல் லோசான் நகரில் யூர்க் சோப் குழுவினர், செல்லுக்குள் அழற்சியை மூட்டும் ஒரு புரதத் தொகுதியைக் கண்டு 'இன்ஃப்ளமசோம்' எனப் பெயரிட்டனர். யூரிக் அமிலப் படிகங்கள் அதைத் தூண்டுவதால்தான் கவுட் என்னும் மூட்டு நோய் எரிகிறது என்று 2006-இல் காட்டினர். கிருமி இல்லை, உடலே விளைவித்த முள். 2010-இல் இரத்தக்குழாயில் படியும் கொலஸ்ட்ரால் படிகங்களும் அவ்வாறே செய்வது தெரிந்தது. மாரடைப்புக்கும் அழற்சிக்கும் உள்ள உறவு இவ்வாறு துலங்கியது.

அப்படியானால் அழலை அணைத்துவிடலாமே? அழற்சியைப் பரப்பும் ஒரு புரதத்தை மட்டும் தடுக்கும் மருந்தைப் பத்தாயிரம் பேருக்கு மேல் சோதித்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்காமலே மாரடைப்பு குறைந்தது. ஆனால் தொற்றுநோயால் இறந்தோர் கூடினர். மொத்த இறப்பில் வேறுபாடு இல்லை. காவலரை உறங்கவைத்ததற்கு உடல் கொடுத்த விலை அது.

கவுட்டுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் கொல்கிசின் இதயத்துக்கும் பயன்படுமா என்பது இன்னொரு முயற்சி. மகளிர் விரலுக்குச் சங்கப் புலவர்கள் உவமை சொன்ன காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் நஞ்சும் இதுவே. 5,522 இதய நோயாளிகளிடம் நடந்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில் சிற்றளவு கொல்கிசின் பலன் தந்தது. 2023-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஆனால் மாரடைப்பு வந்த உடனே அதைக் கொடுத்துப் பார்த்த 2024-ஆம் ஆண்டுப் பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை.

மெச்னிகோவ் கண்ட காவலரும் கவுட்டில் நம்மை எரிப்பவரும் ஒருவரே. எந்த முள்ளுக்கு அழல் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அவருக்குக் கற்பிக்கும் மருந்து இன்னும் நம் கைக்கு வரவில்லை.