நகையின் பெயர்களும் ஊவாத் தோட்டங்களும்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதற்கண் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் அது தோன்றும் நிலைக்களன்கள் என்பது அவர் கொள்கை. நகை எவ்வாறு ஒலித்தது என்பதை விடுத்து, எதன்பாற் பிறந்தது என்பதையே அவர் நோக்கினார். ஆங்கிலமோ பெரும்பாலும் ஒலி பற்றியே பெயரிட்டது. தனக்குள் அடங்கிய நகை 'சக்கிள்', சிறுமியரின் அடக்கவொண்ணாச் சிரிப்பு 'கிகிள்', வாய்பொத்திச் சிரிப்பது 'டிற்றர்', வெடிச்சிரிப்பு 'கஃபோ'. இவை போதாவென்று எண்ணினார் போலும், லூயிஸ் கரோல் 1871 இல் 'சோட்டில்' என்றொரு சொல்லைத் தாமே படைத்தார், அதுவும் அகராதியேறிவிட்டது. தமிழர் இவ்வொலிகளை அறியாதவரல்லர். கலகலவென, களுக்கென, கொல்லென என அடையாக்கிச் 'சிரித்தல்' என்னும் ஒரு வினையோடு இணைத்தனர். 'சினிகர்' என்பதிலோ ஒலியோடு எள்ளலும் கலந்து நிற்கிறது. இடர் விளைக்கத்தக்க சொல் அதுவே.

பதுளையைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களில் இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியாக அமையவில்லை. கோப்பிக் காலத்தில் இயற்றப்பட்டுத் தேயிலைக் காலத்திலும் நிலவிய 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், குடிவெறி, கட்டளை மீறல், கடமையிற் பெருந்தவறு ஆகியவற்றோடு துடுக்குத்தனத்தையும் தொழிலாளரின் குற்றமாக வகுத்தது. மூன்று மாதம் வரை மறியலுக்கு அது வழிகோலியது. சிரித்தல் குற்றமென அச்சட்டம் கூறவில்லை. ஆயினும் துடுக்கு எங்கே தொடங்குகிறது என்பதைத் துணிவோர் முறையிடும் துரையும் விசாரிக்கும் நீதவானுமே. பிரட்டுக்களத்திற் பெயர் கூப்பிடும்பொழுது ஓர் இளைஞன் களுக்கென நகைத்தால், அது இளமையிற் பிறந்ததா, எள்ளலிற் பிறந்ததா? தொல்காப்பியர் வினா ஈண்டுக் கூலியையும் சிறையையும் பற்றிய வினாவாகிவிடுகிறது.

துரைமார் தமிழ் கற்றதுண்டு. அவர்க்கென பெர்கூசன் என்பார் ஆக்கிய கைந்நூலின் பெயர் 'இங்கே வா'. 1915 இல் வெல்ஸ் வெளியிட்டது 'கூலித் தமிழ்'. முன்னதன் தலைப்பே ஓர் ஏவல். ஏவுதற்கென்று கற்கும் மொழியில் நகையின் நிலைக்களன்களுக்கு இடமேது?

தோட்டத்தாரும் ஆங்கிலத்திலிருந்து சொற்கொண்டனர். பிரட்டு, லயம், இஸ்டோர் யாவும் அவ்வழி வந்தவை. அனைத்தும் வேலையும் இருப்பிடமும் பற்றியன என்பது கருதத்தக்கது. நகைக்கு அவர் எச்சொல்லையும் கடன்பெற்றிலர். திருச்சி, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து கொணர்ந்த கேலியும் நக்கலும் நையாண்டியும் பசறையிலும் மடூல்சீமையிலும் நமுனுகுலைச் சாரலிலும் நிலைத்தன. பகலில் அடக்கிய சிரிப்பு மாசி மாதக் காமன் கூத்திலே, தப்பொலிக்கிடையே, கோமாளியின் வாயிலாக வெளிப்பட்டது.

1924 இல் புகைவண்டிப் பாதை பதுளையை அடைந்தது. யாழ்ப்பாணத்து ஆசிரியரும் எழுதுவினைஞரும் உடன்கொணர்ந்த 'பகிடி' என்னும் சொல், நகரத்து வகுப்பறைகளில் தோட்டப் பிள்ளைகளின் 'கேலி'யை எதிர்கொண்டது. ஆசிரியர் 'பகிடி விடாதே' என்று அதட்டினால், அச்சொல்லைக் கேட்டே பின்வாங்கு நகைத்தது. அந்நகை பேதைமையின்பாற்பட்டதென்றே கொள்ளல் வேண்டும்.