கரிசலுக்கு வந்த வெள்ளை மாவு

சாத்தூருக்குக் கிழக்கே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கிறது இருக்கன்குடி. மாரியம்மன் கோயிலால் பேர்பெற்ற ஊர். ஆடி கடைசி வெள்ளிக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் சனம் நடந்தே வந்து சேரும். ஊரைச் சுற்றி மானாவாரிக் கரிசல். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பு இந்த மண்ணில் அன்றாடச் சாப்பாடு என்றால் கம்மங்கூழ், சோளச்சோறு, குதிரைவாலிச்சோறு. நெல்லுச்சோறு நல்ல நாள் பெரிய நாளுக்குத்தான். அம்மனுக்கு மாவிளக்கு எடுப்பதன் அருமை அதை நினைத்தால்தான் விளங்கும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, வெல்லமும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து நெய்யூற்றித் திரியிட்டு ஏற்றியவர்கள், தங்கள் அடுப்பில் தினமும் வேகாத தானியத்தைச் சாமிக்குக் கொடுத்தார்கள். இன்று இந்தக் கரிசலில் மக்காச்சோளம் விளைகிறது. ஆனால் அது இங்குள்ளவர்களின் சாப்பாடாகவில்லை. மணியாக லாரி ஏறிக் கோழித்தீவனத்துக்கும் ஸ்டார்ச் ஆலைக்கும் போய்விடுகிறது. அடுக்களைக்குத் திரும்பி வருவது பெரும்பாலும் கார்ன்ப்ளவர் என்கிற வெள்ளை ஸ்டார்ச் பொடி. அதைச் சத்துள்ள உணவாக எண்ணும் பழக்கத்தை உண்டாக்கியது வியாபாரம். ஸ்டார்ச்சுக்கு நம் முன்னோர் கொடுத்திருந்த இடமே சரியானது என்பது என் வாதம்.

ஸ்டார்ச் இந்தப் பக்கத்துக்குப் புதிதன்று. சோறு வடித்த கஞ்சியில் வேட்டி சேலையை முக்கி எடுத்தார்கள். அருப்புக்கோட்டைத் தறிக்காரர்கள் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டார்கள். 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய பிறகு, பின்னர் பட்டாசும் சேர்ந்துகொள்ள, பெட்டி ஒட்டவும் காகிதக் குழாய் சுருட்டவும் லேபிள் ஒட்டவும் பசை மலைமலையாகத் தேவைப்பட்டது. மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிண்டிக்கொண்டே கொதிக்கவிட்டால், அதிலுள்ள ஸ்டார்ச் மணிகள் நீரைக் குடித்து ஊதி வெடித்துப் பளபளவென்று இறுகும். எலியும் பூச்சியும் பசையைத் தின்னாமலிருக்கச் சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பார்கள். உணவாக ஸ்டார்ச் வந்தது பெரும்பாலும் நோயாளிக்கு: வயிற்றுப்போக்கு கண்டவருக்குக் கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சி, காய்ச்சல்காரருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி. அதுவும் இரண்டு நாளைக்கு. உடம்பு தேறியதும் பழையபடி கூழுக்கும் சோற்றுக்கும் திரும்பிவிடுவார்கள்.

மேல்நாட்டிலும் கார்ன்ப்ளவரின் தொடக்கம் துணியில்தான். மக்காச்சோளத்திலிருந்து ஸ்டார்ச்சைப் பிரிக்கும் முறையை 1840-களில் அமெரிக்காவில் தாமஸ் கிங்ஸ்ஃபோர்டு வகுத்தார். முதலில் அது சலவைக்கு விற்ற சரக்கு. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து பிரவுன் அண்டு போல்சன் கம்பெனியும் துணி வியாபாரத்திலிருந்து வந்ததே. 1854-இல் கார்ன்ப்ளவருக்குக் காப்புரிமை வாங்கியது. பிறகு குழந்தைக்கும் நோயாளிக்கும் ஏற்றது என்று விளம்பரம் செய்தே சந்தையைப் பிடித்தார்கள். அதற்கு முன்பே, 1837-இல், பர்மிங்காமில் ஆல்பிரட் பேர்ட், முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக, முட்டைக்குப் பதில் ஸ்டார்ச் போட்டுக் கஸ்டர்டு பவுடர் செய்திருந்தார். அன்பால் செய்த காரியம், ஐயமில்லை. ஆனால் முட்டையின் கெட்டித்தன்மை கிடைத்தது, முட்டையின் புரதம் போய்விட்டது. நம் வீடுகளில் கிண்டும் கஸ்டர்டிலும் சத்து பாலுடையது. பொடி தருவது உருவம் மட்டுமே.

ஆலையில் நடப்பதைப் பார்த்தால் இதற்குக் காரணம் புரியும். மக்காச்சோள மணியைக் கந்தக டை ஆக்சைடு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஏறக்குறைய இரண்டு நாள் ஊறவைத்து அரைக்கிறார்கள். முளை பிரிந்து எண்ணெய்க்குப் போகிறது. தோல் மாட்டுத்தீவனத்துக்கு. நூற்றுக்கு அறுபது பங்கு வரை புரதமுள்ள குளூட்டன் கோழித்தீவனத்துக்கு. எல்லாம் போய் எஞ்சுவதைக் கழுவி உலர்த்தினால் கார்ன்ப்ளவர். நூறு கிராமில் சுமார் 380 கலோரி, 91 கிராம் மாவுச்சத்து, 0.3 கிராம் புரதம். வைட்டமின் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. முழு மக்காச்சோளத்தில் புரதம் சுமார் 9 கிராம். கம்பில் சுமார் 11 கிராம், கூடவே 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து. கோழிக்கும் மாட்டுக்கும் போகும் பங்கு, நம் பிள்ளைகளின் தட்டுக்கு வரும் பங்கைவிடச் சத்தானது என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய தானியம் மட்டும் குறையற்றதா என்று கேட்கலாம். குறையுண்டு. ஹைதராபாத்தில் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் சி. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் சோளமே பிரதான உணவாகக் கொண்ட ஏழைகளிடம் பெல்லக்ரா என்னும், தோலில் வெளிப்படும் சத்துக்குறைவு நோயைக் கண்டு, சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் அதற்குக் காரணமாகலாம் என்று 1960-இல் எழுதினார்கள். முழு மக்காச்சோளமும் தனியே போதாது. ஆப்பிரிக்கக் கோல்டு கோஸ்டில் தாய்ப்பால் நின்றபின் மக்காச்சோளக் கஞ்சியை மட்டுமே நம்பிய குழந்தைகள் உடல் வீங்கி இறந்ததை 1933-இல் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் பதிவு செய்தார். ஆனால் இவை என் கட்சிக்குத்தான் வலுச்சேர்க்கின்றன. ஒன்பது கிராம் புரதமுள்ள தானியமே தனியாக ஒரு குழந்தையைத் தாங்கவில்லை என்றால், கால் கிராமை ஒட்டிய பொடி எப்படித் தாங்கும்? தானியத்தின் குறையைப் பயறும் மோரும் கீரையும் நிரப்பும். புளிக்கவைத்த கம்மங்கூழில் மோர் ஊற்றி, தொட்டுக்கொள்ளத் துவரந்துவையலோ மொச்சைக் குழம்போ வைத்த கரிசல் சாப்பாடு அந்த நிரவலைச் செய்தது. 1966-இல் அமெரிக்க உணவு உதவிக்கென்று உருவாக்கிய மாவிலும் மக்காச்சோளத்தோடு சோயாவும் பால்பவுடரும் சேர்த்தார்கள். பசித்த குழந்தையை மனத்தில் வைத்தவர்கள் தானியத்தோடு கூட்டினார்கள், அதிலிருந்து கழிக்கவில்லை.

சூப்பில் ஒரு ஸ்பூன் போடுவதால் என்ன கெட்டுவிடும் என்றால், ஒன்றும் கெடாது. காலிஃபிளவர் வறுவல் மொறுமொறுப்பாக வருவதற்கும் அது உதவும். கிளைகோஜன் சேமிப்புக் கோளாறுடன் பிறந்த குழந்தைகளுக்குப் பச்சைக் கார்ன்ப்ளவரைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால், மெல்லச் செரித்து இரவில் இரத்தச் சர்க்கரை இறங்காமல் காக்கிறது என்பது 1984 முதல் மருத்துவம் ஏற்ற உண்மை. அந்தப் பிள்ளைகளுக்கு அது உயிர் காக்கும் மருந்து. மற்றக் குழந்தைகளுக்கு அது கெட்டிப்படுத்தும் பொடி, அவ்வளவே. கைக்குழந்தைக்குக் கூழ் கிண்ட டப்பாவைத் திறப்பவர்கள், முதலில் அதன் பின்புறத்தில் புரதம் எத்தனை கிராம் என்ற வரியைப் படியுங்கள். படித்தபின் கம்பையோ கேழ்வரகையோ வறுத்து, கூட ஒரு பிடி பாசிப்பயறு சேர்த்துத் திரிக்கக் கொடுங்கள்.