சத்தம் போடாத பெல்ட்: ஒரு ரப்பர் பட்டையின் வரலாறும் அதன் செலவும்

எங்கள் ஆயக்குடி பக்கம் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள், ஏசி போட்டுப் பார்ப்பார்கள், ஆர்சி புக்கில் எத்தனையாவது ஓனர் என்று பார்ப்பார்கள். டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. இவ்வளவு முக்கியமான ஒரு பாகம் எப்படி நம் கண்ணிலிருந்து தப்பியது? கொஞ்சம் தேடியதில் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது.

முதலில் வேலையைப் புரிந்துகொள்வோம். என்ஜினின் கீழே கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது. மேலே கேம் ஷாஃப்ட் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் என்ஜினில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும். இரண்டையும் கட்டிவைத்திருப்பது பற்கள் கொண்ட ஒரு ரப்பர் பட்டை. அவ்வளவுதான்.

நம் அப்பாக்கள் காலத்துக் கார்களில் இது கிடையாது. அம்பாசடரின் 1,489 சிசி பெட்ரோல் என்ஜின், பிரீமியர் பத்மினியின் ஃபியட் 1100 என்ஜின் இரண்டிலும் கேம் ஷாஃப்ட் கீழே, பிளாக்குக்குள்ளேயே இருந்தது. கிராங்குக்கு அது பக்கத்து வீடு. சின்னதாக ஒரு இரும்புச் சங்கிலி போதும், அதுவும் என்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடும். சங்கிலி தேய்ந்து தொய்ந்தால் கடகடவென்று சத்தம் போடும். அனுபவமுள்ள மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன்பே, 'செயின் சத்தம்ங்க' என்று சொல்லிவிடுவார்.

கேம் ஷாஃப்ட் தலைக்கு மேலே ஏறியபோதுதான் கதை மாறுகிறது. தூரம் கூடியது. நீளமான சங்கிலி என்றால் சத்தம், எடை, செலவு எல்லாம் கூடும். மாற்று வழி ஏற்கெனவே வேறொரு தொழிலில் தயாராக இருந்தது. 1940-களில் அமெரிக்காவின் கில்மர் கம்பெனியில் தையல் மெஷினுக்காக, ஊசியும் பாபினும் தாளம் தப்பாமல் ஓடுவதற்காக, பல் வைத்த பெல்ட்டை உருவாக்கியிருந்தார்கள். அந்த யோசனையை உற்பத்திக் காருக்குக் கொண்டுவந்தது ஒரு பெரிய கம்பெனி அல்ல. ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஊரில் கோகோமொபில் என்ற குட்டிக் கார் செய்துகொண்டிருந்த ஹான்ஸ் கிளாஸ் கம்பெனிதான், 1962-இல் வந்த கிளாஸ் 1004 காரில் இதைப் பொருத்தியது. 1966-இல் அந்தக் கம்பெனியை பிஎம்டபிள்யூ வாங்கிவிட்டது. அதே ஆண்டு ஃபியட் 124 ஸ்போர்ட் காருக்கு, முன்பு ஃபெராரியில் இருந்த அவ்ரேலியோ லாம்ப்ரெடி இரட்டைக் கேம் என்ஜினைப் பெல்ட்டோடு வடிவமைத்தார். அதன்பின் பெல்ட் உலகம் முழுக்கப் பரவியது.

நம் ஊர்களுக்கு இதைப் பரவலாகக் கொண்டுவந்தது மாருதி 800. 1983 டிசம்பரில் வந்தது, 796 சிசி, தலைக்கு மேல் கேம், டைமிங் பெல்ட். 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ வந்தது. அதிலும் பெல்ட். அதே ஆண்டுக் கடைசியில் அறிமுகமாகி, பிறகு டாக்ஸி ஸ்டாண்டுகளை நிறைத்த டாடா இண்டிகா டீசலிலும் பெல்ட். 2012-இல் ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டர் டீசலிலும் பெல்ட்.

இந்த மாற்றத்தில் நாம் இழந்தது ஒன்று உண்டு. சங்கிலி சாகும் முன் சத்தம் போடும். பெல்ட் பெரும்பாலும் போடாது. நேற்று வரை வெண்ணெய் மாதிரி ஓடிய என்ஜின் இன்று பட்டென்று நின்றுவிடும். காதால் கண்டுபிடித்த விஷயம் காகிதத்துக்குப் போய்விட்டது. சர்வீஸ் புத்தகத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. கார் கைமாறும்போது முதலில் தொலைவதும் அந்தப் புத்தகம்தான்!

அறுந்தால் என்ன ஆகும்? கேம் நின்றுவிடும், கிராங்க் இன்னும் சில சுற்று சுற்றும். திறந்தபடி நிற்கும் வால்வின் மேல் பிஸ்டன் வந்து மோதும். சில பெட்ரோல் என்ஜின்களில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி உண்டு, தப்பித்துவிடும். டீசலில் அழுத்தம் அதிகம் என்பதால் அந்த இடைவெளியே இருக்காது. வால்வு வளையும், ஹெட்டைக் கழற்ற வேண்டும், சில சமயம் பிஸ்டனும் போகும்.

நான் வாங்கிய பழைய டீசல் டஸ்டருக்கு பெல்ட் மாற்றிய பதிவே இல்லை. பழனியில் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"பெல்ட் மட்டும் மாத்துனா எவ்ளோண்ணே ஆகும்?"

"பெல்ட்டை மட்டும் மாத்துறதுக்கு நான் கழட்டவே மாட்டேங்க சார்" என்றார்.

காரணம் எளிது. இந்த என்ஜினில் கேமோடு டீசல் ஹை பிரஷர் பம்பையும் வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. பெல்ட்டை எட்ட வேண்டுமானால் வண்டியைத் தூக்கி, என்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, ஒரு பக்க மவுண்டைக் கழற்றி, வெளி பெல்ட்டை எடுத்து, கிராங்க் புல்லியைக் கழற்ற வேண்டும். பிறகு கிராங்குக்கும் கேமுக்கும் பின் போட்டுப் பூட்ட வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் டைமிங் தப்பிவிடும். இவ்வளவு செய்துவிட்டு பழைய டென்ஷனரையோ பழைய வாட்டர் பம்பையோ விட்டுவைத்தால், அதில் ஒன்று இறுகினாலோ கசிந்தாலோ புதுப் பெல்ட்டும் போய்விடும்.

ஆகவே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கூலன்ட், வெளி பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து என் பில் 16,000 ரூபாயைக் கொஞ்சம் தாண்டியது. அதில் பெல்ட்டின் விலை மட்டும் 3,000-க்கும் கீழே. அதாவது நாம் பணம் கொடுப்பது ரப்பருக்கு இல்லை, அந்த இடத்தை எட்டுவதற்கு. ஒரு முழு நாள் வேலை. அறுந்தபின் வந்தால்? "அம்பதாயிரத்துக்குக் குறையாதுங்க" என்றார்.

அடுத்து கிலோமீட்டர் கணக்கு. இங்கேதான் எங்கள் ஊர் சங்கதி வருகிறது. சமவெளியில் டாப் கியரில் 60 கி.மீ. வேகத்தில் 1,800 ஆர்பிஎம் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு என்ஜின் 1,800 சுற்று சுற்றுகிறது. பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைப்பாதையில் இரண்டாம் கியரில் 25 கி.மீ. வேகம், 2,000 ஆர்பிஎம் என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டர் கடக்க 2.4 நிமிடம், ஆக 4,800 சுற்று. இரண்டரை மடங்குக்கும் மேல். மீட்டர் எண்ணுவது சக்கரத்தை, பெல்ட் எண்ணுவது என்ஜினை. வாரம் இரண்டு முறை மலையேறும் வண்டியும் பைபாஸில் ஓடும் வண்டியும் ஒரே 80,000 கி.மீ. காட்டலாம், பெல்ட்டின் வயது ஒன்றல்ல.

ஓடாமல் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கும் விதிவிலக்கு இல்லை. ரப்பருக்குச் சூடும் வயதும் எதிரி. 1980-களில் ஹைட்ரஜன் ஏற்றிய நைட்ரைல் ரப்பர் வந்தபின் பெல்ட்டின் ஆயுள் நன்றாகக் கூடியது உண்மைதான். ஆனாலும் மேனுவலில் கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கும் போட்டிருப்பார்கள், எது முந்துகிறதோ அதுதான் கெடு.

இப்போது சங்கிலி திரும்பி வந்துகொண்டிருக்கிறது. 2007-இல் வந்த ஸ்விஃப்ட் டீசலின் 1.3 லிட்டர் என்ஜினில் சங்கிலிதான். ஆனால் நம் பக்கம் ஓடுவதில் பாதி செகண்ட் ஹேண்ட் வண்டிகள். பெல்ட் காலம் இங்கே இன்னும் பல வருஷம் நீளும் என்பது என் கணிப்பு.

பழைய கார் வாங்குகிறீர்களா? முதலில் அதில் பெல்ட்டா செயினா என்று விசாரியுங்கள். பெல்ட் என்றால், மாற்றியதற்கு பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். மாற்றியதும் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். சர்வீஸ் புத்தகம் தொலையும். பானெட் தொலையாது. உங்களுக்கு அடுத்து அந்த வண்டியை வாங்குகிறவர் உங்களை வாழ்த்துவார்.