மகஜரில் இல்லாத கை

மரக்காணத்து உப்பளங்களுக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட கடற்கரை நிலத்தில், திண்டிவனம் சாலையிலிருந்து சற்று உள்ளொதுங்கி இருக்கும் இரும்பை என்னும் ஊர், சைவ மரபில் இரும்பை மாகாளம் என்று பெயர்பெற்றது. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்றது. கடுவெளிச் சித்தரின் பாட்டால் மூன்றாகப் பிளந்ததாகத் தலவரலாறு சொல்லும் இவ்வூர் மாகாளேசுவரர் கோயில் லிங்கம், இன்றும் செப்புத் தகட்டால் பிணைக்கப்பட்ட நிலையிலேயே வழிபடப்படுகிறது. பிளந்ததைச் சேர்த்துக் கட்டியது உலோகத் தொழிலாளியின் கையே என்றாலும், சித்தரையும் அரசனையும் ஆடல்மகளையும் நினைவில் வைத்த அக்கதை, தகடு அடித்தவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கம்மியரின் கையைப் பயன்படுத்திக்கொண்டு ஆளை விட்டுவிடும் இப்பழக்கம் கோயில் கதைகளுக்கு மட்டும் உரியதன்று. பூட்டிய வீட்டுக்குள் ஒருவர் இறந்து கிடக்கும்போது கதவைத் திறக்க அழைக்கப்பட்ட கொல்லர், தச்சர், பூட்டுக்காரர் ஆகியோர் அரசு ஆவணங்களில் பெற்ற இடமும் இதற்கு மேலானதன்று.

கதவு பற்றிய தமிழ்ச் சொற்களிலேயே இத்தொழிலின் வரலாறு ஓரளவு படிந்திருக்கிறது. தாழ், திறவுகோல் என்பன பழஞ்சொற்கள். பூட்டு என்பது எருதை ஏரில் பூட்டுவதைக் குறிக்கும் வினையோடு ஒட்டியது. சாவி என்பதோ ஜன்னல், அலமாரி ஆகியவற்றைப் போலப் போர்த்துகீசியரிடமிருந்து வந்த கடன்சொல். இரும்பைக்குப் பதிகம் தந்த சம்பந்தரே, மற்றோர் உப்பளக் கரையான திருமறைக்காட்டில், அதாவது வேதாரணியத்தில், கதவு பற்றிய புகழ்பெற்ற நிகழ்ச்சியிலும் இடம்பெறுகிறார். மறைகள் பூசித்து அடைத்துவிட்டுப் போன வாயிலைத் திறக்க அப்பர் ஒரு பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது என்றும், அதை மீண்டும் அடைக்கச் சம்பந்தருக்கு ஒரு பாட்டே போதுமாயிற்று என்றும் பெரியபுராணம் கூறுகிறது. அடைப்பதைவிடத் திறப்பது கடினம் என்பதை எந்தப் பூட்டுக்காரரும் ஒப்புக்கொள்வார். அதற்கு அடியார் ஆக வேண்டியதில்லை.

நாட்டுப்புறத்து வீடுகளில் அண்மைக்காலம் வரை பூட்டைவிடத் தாழ்ப்பாளே முதன்மையாக இருந்தது. பழைய கதவு கீலில் தொங்குவதில்லை; கதவுப் பலகையின் மேலும் கீழும் நீண்டிருக்கும் குடுமி என்னும் முளைகள், நிலையிலும் படியிலும் குடைந்த குழிகளில் பொருந்திச் சுழலும். உட்தாழ் இட்ட அத்தகைய கதவை உடைக்காமல் திறக்க வேண்டுமானால், கடப்பாரையால் கதவின் அடியை நெம்பிக் கீழ்க் குடுமியைக் குழியிலிருந்து தூக்கிவிடலாம்; இயலாதபோது கூரை ஓட்டைப் பிரித்து ஒல்லியான ஒருவரை உள்ளே இறக்குவார்கள். வெளியே பூட்டியிருந்தால், பூட்டைத் தொடாமல் நாதாங்கியை, அதாவது பூட்டின் வளைவு நுழையும் இரும்பு வளையத்தை, உளி வைத்து அறுப்பதே எளிது. இவ்வேலைகள் ஊர்க் கம்மாளர்க்கு உரியவை. கருமான் எனப்பட்ட கொல்லரும் தச்சரும் அறுவடைக் களத்தில் மேரை என்னும் தானியப் பங்கைக் கூலியாகப் பெற்றவர்கள். ஏர், வண்டி, கதவு ஆகியவற்றின் பழுது பார்ப்பதைப் போலவே, அழைத்த நேரத்தில் கதவைத் திறந்துவிடுவதும் அந்தப் பங்குக்குள் அடங்கியது.

கதவைத் திறப்பவர் பிணத்தைத் தொட வேண்டியதில்லை என்பது சாதிமுறையால் வகுக்கப்பட்ட எல்லை. பூணூல் அணிந்து உயர்நிலை கோரிய கம்மாளர் படியோடு நின்றனர். தூக்குவதும் சுமப்பதும் எரிப்பதும் வெட்டியான் என்று பெயரிடப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக அவ்வேலையில் கட்டப்பட்டிருந்த மக்கள்மேல் சுமத்தப்பட்டன. ஆனால் கைக்கு எல்லை இட்ட இம்முறை கண்ணுக்கும் மூக்குக்கும் எல்லை இடவில்லை. அடைத்த அறையிலிருந்து முதலில் வெளிவரும் காற்றை வாங்குபவரும், உள்ளே கிடப்பதை முதலில் பார்ப்பவரும் பெரும்பாலும் நெம்புகோலைப் பிடித்திருப்பவராகவே இருந்திருப்பார். அதன்பின் அவருக்கென்று இருந்தது கிணற்றடிக் குளியல் ஒன்றே. தீட்டுக் கழிப்பதற்காக விதிக்கப்பட்ட அக்குளியல், கண்டதிலிருந்து சற்றே விலகி நிற்கவும் ஒரு வழியாக இருந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

ஆங்கிலேய ஆட்சி இக்காட்சியைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1816-ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஒழுங்குவிதி ஊர்த்தலைவருக்குக் காவல் பொறுப்புகளை அளித்தது. பின்னர் 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், தற்கொலை, விபத்து, ஐயத்துக்குரிய சாவு ஆகியவற்றில் பிரேத விசாரணை நடத்தும் முறையை 174-ஆம் பிரிவில் வகுத்து, சென்னை, பம்பாய் மாகாணங்களில் ஊர்த்தலைவரும் அவ்விசாரணையை நடத்தலாம் என்று தனியே குறித்தது. இதன்படி தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்களில் கிராம முன்சீப்பு பிணத்தின் அருகே அமர்ந்து, அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோரைப் பஞ்சாயத்தாராக வைத்துக்கொண்டு, காயங்களையும் கிடந்த நிலையையும் எழுதி, ஒப்புக்கொண்டவர்களிடம் கையொப்பம் பெற்றார். பலர் முன்னிலையில் எழுதப்படும் இத்தகைய ஆவணத்துக்கு மகஜர் என்று பெயர். கையொப்பம் இடத் தகுந்தவர்கள் யார் என்பதில் அக்கறை காட்டிய சட்டம், அவர்களை உள்ளே விட்டவர் யார் என்று கேட்கவில்லை. கதவை உடைக்கும் அதிகாரத்தைப் பற்றிய பிரிவுகளும் அதிகாரியே உடைப்பதாக எண்ணிக்கொண்டு எழுதப்பட்டவை; நடைமுறையில் உளியும் சம்மட்டியும் அதிகாரியின் கையில் இருந்ததில்லை.

இரும்பையிலிருந்து கிழக்கே கடற்கரைக்குச் சென்றால் எட்டிவிடும் காலாப்பட்டு பிரெஞ்சு எல்லைக்குள் இருந்ததால், அங்கே வேறு சட்டம் நடந்தது. 1819 ஜனவரி 6-ஆம் நாள் ஆணையால் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் புதுச்சேரிப் பகுதிகளுக்குக் கொண்டுவரப்பட்டன. 1804-இன் குடிமைச் சட்டம், வன்சாவின் அறிகுறி தெரியும் இடத்தில் மருத்துவர் ஒருவரின் துணையோடு காவல் அதிகாரி உடலின் நிலையை எழுதிய பின்னரே அடக்கம் செய்யலாம் என்றது. 1806-இன் நடைமுறைச் சட்டமோ பூட்டிய கதவைத் தனிச் சிக்கலாகவே எடுத்துக்கொண்டது: சொத்தைக் கைப்பற்றச் செல்லும் உய்சியே, அதாவது நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றுபவர், கதவு அடைத்திருக்கக் கண்டால் தாமே உடைக்கக் கூடாது, வாயிலில் காவல் வைத்துவிட்டுச் சமாதான நீதிபதியையோ காவல் ஆணையரையோ அழைத்து, அவர் முன்னிலையில்தான் திறக்க வேண்டும். இறந்தவரின் உடைமைகள்மேல் அரக்கு முத்திரை இடுவதற்கும் அச்சட்டத்தில் விரிவான விதிகள் உண்டு. ஆங்கிலேய எல்லையில் அண்டை வீட்டார் இருவர் போதும் என்ற இடத்தில், பிரெஞ்சு எல்லை மருத்துவரையும் நீதிபதியையும் கேட்டது. ஒரே உப்புக்காற்று அரித்த ஒரே வகைப் பூட்டுகளை இரு வேறு சட்டங்களின்கீழ் திறந்த இக்கரையின் தொழிலாளிக்கு, தம் பெயர் எழுதப்படாததில் மட்டும் இரு அரசுகளும் ஒன்றாகவே தோன்றியிருக்கும். இந்த இரட்டை நிலை 1954 நவம்பர் 1-இல் நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்ததோடு தளர்ந்தது.

கதவை உடைத்துச் சாவைத் தேடுவது அரசின் கொள்கையாகவே மாறிய காலமும் உண்டு. 1896-இல் பம்பாயில் தொடங்கிய பிளேக் நோய் பரவியபோது இயற்றப்பட்ட 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்கு மிகப் பரந்த அதிகாரம் தந்தது. புனே நகரில் பிளேக் குழுவின் தலைவராக இருந்த ராண்டின்கீழ்ப் படைவீரர்கள் வீடுவீடாகப் புகுந்து நோயாளிகளையும் மறைக்கப்பட்ட பிணங்களையும் தேடினர்; பூட்டிக் கிடந்த வீடுகளும் தப்பவில்லை. மக்களின் சினம் முற்றி, அவ்வாண்டு ஜூன் 22-ஆம் நாள் இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். நோயைவிடக் கதவு உடைபட்டதே பலரைப் புண்படுத்தியது என்பதை அந்நாளைய எதிர்ப்புகள் காட்டுகின்றன. ஊர்க் கருமான் கதவைத் திறக்கும்போது அண்டை அயலார் சூழ நிற்பார்கள், ஓர் உறவினராவது இருப்பார். புனேயில் அந்த இடத்தை அயல்நாட்டுச் சிப்பாய் எடுத்துக்கொண்டார்.

இருபதாம் நூற்றாண்டில் பூட்டே மாறியது. இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778-இல் அமைத்த லீவர் பூட்டின் முறை, தமிழ்நாட்டில் திண்டுக்கல் பட்டறைகளில் கைத்தொழிலாக வேரூன்றியது. பூட்டின் வயிற்றுக்குள் வில் அழுத்திய மெல்லிய தகடுகள் அடுக்காக இருக்கும், அவையே லீவர்கள். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். கூடினாலும் குறைந்தாலும் நகராது. அரம் கொண்டு கையால் ராவி ஒவ்வொரு பூட்டுக்கும் வேறுவேறு சாவி அமைப்பதே திண்டுக்கல் பூட்டின் சிறப்பு. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1897-இல் பம்பாயில் ஆர்தேஷிர் கோத்ரெஜ் பூட்டுத் தொழில் தொடங்கியதிலிருந்து ஆலைப் பூட்டும் பரவியது. லண்டனில் 1851-ஆம் ஆண்டுக் கண்காட்சியின்போது அமெரிக்கரான ஹாப்ஸ், திறக்கவே முடியாது என்று விளம்பரம் செய்யப்பட்ட பிராமா பூட்டைப் பதினாறு நாட்களில் 51 மணி நேரம் உழைத்துத் திறந்து உலகப் புகழ் பெற்றார். வெறும் பூட்டைத் திறந்தவருக்குக் கிடைத்த புகழ் அது.

உப்பளக் கரையில் இந்த நுட்பமெல்லாம் எளிதில் தோற்றது. பித்தளை உடல் பளபளவென்று இருக்கையிலேயே உள்ளே இருக்கும் எஃகு வில்லும் லீவர்களும் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாவி பாதி சுற்றி நின்றுவிடும், அழுத்தினால் முறியும். மண்ணெண்ணெய் விடுவதும், பூட்டின்மேல் சைக்கிள் டியூப் துண்டைத் தொங்கவிட்டு மழையையும் பனியையும் மறைப்பதும் இதற்கான கைவைத்தியங்கள். நாள்தோறும் திறக்கப்படும் பூட்டு தேய்ந்து வழுவழுப்பாகிறது. நெடுநாள் தொடாத பூட்டு இறுகுகிறது. ஆகவே ஒரு வீட்டின் பூட்டைக் கையில் பிடித்த மாத்திரத்திலேயே, அது எத்தனை நாளாகத் திறக்கப்படவில்லை என்பதைத் தொழில் தெரிந்தவர் ஏறத்தாழ உணர்ந்துவிட முடியும். உள்ளே என்ன இருக்கக்கூடும் என்பதன் முதல் குறிப்பு இவ்வாறு கதவு திறப்பதற்கு முன்னரே அவருக்குக் கிட்டிவிடுகிறது.

சட்டத்தின் பார்வையில் இந்தக் குறிப்பு சிறியதன்று. தாழ்ப்பாள் உட்புறம் இட்டிருந்ததா, வெளியே பூட்டியிருந்ததா, சாவி எங்கே கிடந்தது, கொண்டியில் ஏற்கெனவே நெம்பிய தழும்பு இருந்ததா என்னும் கேள்விகளே தற்கொலையையும் கொலையையும் பிரிக்கும் இடங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 1983-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாலோ ஐயத்துக்குரிய வகையில் இறந்தாலோ, உடல் மருத்துவ ஆய்வுக்கு அனுப்பப்பட வேண்டும். அத்தகைய சாவுகளில் கோட்டாட்சியர் விசாரிக்கிறார். அடுப்பங்கரைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது என்று புகுந்த வீட்டார் சொல்வது உண்மையா என்பதற்கு அந்தத் தாழ்ப்பாளே சான்று. ஆனால் கதவைத் திறக்கும் செயலே அச்சான்றைக் குலைக்கிறது. உளி புதிய தழும்பை இடும், கொண்டி வளையும், தாழ் தெறித்து விழும். எது முன்பே இருந்தது, எது தன்னால் ஆனது என்று சொல்லக்கூடியவர் திறந்தவர் ஒருவரே. வழக்கு நடக்கையில் எதிர்த்தரப்பு இதைக் கிளறினால் மட்டுமே அவர் சாட்சிக் கூண்டுக்கு வருவார். வராமற்போவதே பெரும்பாலும் அவர் விருப்பமுமாகும், ஏனெனில் ஒருநாள் வாய்தாவுக்கு ஒருநாள் கூலி போகிறது.

கிராம முன்சீப்பு, கர்ணம் ஆகிய பரம்பரைப் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். களத்து மேரையும் போயிற்று. ஊர்க் கருமானின் இடத்தில், பேருந்து நிலையத்து நடைபாதையில் வெற்றுச் சாவிகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு அரத்தோடு அமர்ந்திருக்கும் சாவிக்காரர் வந்தார். 1968-இல் இரும்பையை ஒட்டி ஆரோவில் தொடங்கப்பட்டதும், பின்னர் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் தங்கும் விடுதிகள் பெருகியதும் இப்பக்கத்துக் கதவுகளையும் மாற்றின. இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச், பழைய மகஜர்களின் அடிப்படைத் தருக்கத்தையே உடைத்துவிட்டது: உள்ளே தாழிட்டிருந்தால் உள்ளே இருந்தவர் தனியே இருந்தார் என்று இனிக் கொள்ள முடியாது, வெளியேறியவர் கதவை இழுத்துவிட்டுப் போயிருக்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க முதியவர் தனியே வாழும் வீடுகளில் சாவு நேர்ந்தாலும் கதவு அதே முகத்தோடுதான் நிற்கிறது. ஜப்பானில் கொடோகுஷி, அதாவது தனிமைச் சாவு, என்று பெயரிட்டுப் பேசப்படும் இதற்கு, தமிழில் இன்னும் வீட்டுக்குள் பிணம் என்ற நாளிதழ்த் தலைப்பே வழங்குகிறது.

தீயணைப்பு மீட்புப் பணித் துறையினர் இன்று இத்தகைய கதவுகளைத் திறக்க வருகின்றனர். அவர்கள் குழுவாக வருகிறார்கள், சீருடை உண்டு, பணிப்பதிவேட்டில் அழைப்பு ஏறுகிறது. சாவிக்காரர் தனியே வருகிறார். அழைத்த காவலர் எதற்கென்று சொல்லாமல் அழைத்திருப்பதும் உண்டு. வண்டிச் சாவி செய்யும் அதே கூலியைப் பேசி, கதவு திறந்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கி, சில வேளைகளில் அக்கூலியைக்கூட வாங்காமல் போய்விடும் அவருடைய அதிர்ச்சிக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு 194-ஆம் பிரிவாகியிருக்கிறது; தேடுதலையும் பொருள் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்பது 105-ஆம் பிரிவு. அப்பதிவில் கதவை நெம்பும் கைகள் ஓரிரு நொடி தெரியக்கூடும். உடைந்த பூட்டு மட்டும் முறைப்படி கைப்பற்றப்பட்டு, துணியில் கட்டி அரக்கிட்டு, பஞ்சாயத்தார் கையொப்பத்தோடு நீதிமன்றத்துக்குச் சென்று, சான்றுப்பொருள் என்ற எண்ணைப் பெற்றுக்கொள்கிறது.