ஃபெய்-ஃபெய் லி

ஃபெய்-ஃபெய் லி (பிறப்பு 1976, பெய்ஜிங்) அமெரிக்கக் கணினியியல் பேராசிரியர். கணினிப் பார்வை, இயந்திரக் கற்றல் ஆய்வாளர். செங்டுவில் வளர்ந்து, பதின்ம வயதில் பெற்றோருடன் நியூ ஜெர்சியில் குடியேறினார். பிரின்ஸ்டனில் இயற்பியல் படித்தபடியே குடும்பத்தின் சலவைக் கடையையும் கவனித்துக்கொண்டார். 2005இல் கால்டெக்கில் முனைவர் பட்டம். பிறகு இல்லினாய், பிரின்ஸ்டன். 2009 முதல் ஸ்டான்ஃபோர்டு.

அவர் பெயரை நிலைநாட்டியது இமேஜ்நெட் என்ற படத் தரவுத்தொகுப்பு. பலர் படிமுறைகளைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, குறை தரவில் இருக்கிறது என்றார் லி. வேர்ட்நெட் சொற்களஞ்சியத்தின் பெயர்ச்சொற்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் படம் திரட்டினார். சரிபார்ப்பு அமேசானின் மெக்கானிக்கல் டர்க் என்ற இணையக் கூலிவேலைத் தளம் வழியே நடந்தது: திரையில் ஒரு சொல், அதன் பொருள், கீழே வரிசையாகப் படங்கள், பொருந்துவதைச் சொடுக்க வேண்டும். ஒருவர் சொன்னால் போதாது, பலர் ஒத்துக்கொள்ள வேண்டும். சில்லறைக் கூலிக்கான இந்த வேலை 1.4 கோடிப் படங்களையும் ஏறத்தாழ 22,000 வகைகளையும் தந்தது.

2009இல் நடந்த ஒரு கணினிப் பார்வை மாநாட்டில் இமேஜ்நெட்டுக்குக் கிடைத்தது சுவரொட்டி அரங்கில் ஓர் இடம் மட்டுமே. ஆனால் இமேஜ்நெட் படங்களை அடையாளம் காண 2012இல் நடந்த போட்டியில் அலெக்ஸ்நெட் என்ற நரம்பு வலையமைப்பு 15.3% பிழையோடு வென்றது. இரண்டாம் இடத்தின் பிழை 26.2%. ஆழ்கற்றல் அலை அங்கிருந்து எழுந்தது.

மனிதரைக் குறித்த பிரிவுகளில் இழிசொற்கள் கலந்திருந்தது பின்னர் கண்டனத்துக்கு உள்ளாக, 2019இல் சுமார் 6 லட்சம் படங்களை நீக்க இமேஜ்நெட் குழு முடிவெடுத்தது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டின் மனித மைய செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தை லி இணைந்து தொடங்கினார்.