காலடிப்பேட்டை

காலடிப்பேட்டை என்பது சென்னை மாநகரின் வடபகுதியில், திருவொற்றியூருக்குத் தெற்கே, திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள குடியிருப்புப் பகுதியாகும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெசவாளர்களுக்கென வீடுகளும் கடைகளும் சேர்த்து அமைக்கப்பட்ட ஊர் இது. திருவொற்றியூர் நகராட்சிக்கு உட்பட்டிருந்த இப்பகுதி, 2011ஆம் ஆண்டு அந்நகராட்சியுடன் சென்னை மாநகராட்சியில் இணைக்கப்பட்டது.

பெயர்க்காரணம்

இப்பெயர் பாதச் சுவட்டையோ, ஆதிசங்கரர் பிறந்த கேரளத்துக் காலடியையோ குறிப்பதன்று. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவரின் பெயரால் 'காலெட் பேட்டை' என வழங்கிய ஊர், மக்கள் வழக்கில் 'காலடிப்பேட்டை' என மருவியது. நகருக்குப் புறத்தே கைவினைஞரும் வணிகரும் குடியேறிய இடம் பேட்டை எனப்படும்.

வரலாறு

திருவொற்றியூர் உள்ளிட்ட ஐந்து கிராமங்கள் 1708இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கப்பட்டன. கம்பெனியின் ஏற்றுமதியில் பருத்தித் துணியே முதன்மையாக இருந்ததால், நெசவாளரையும் துணிக்கு வண்ணம் தீட்டுவோரையும் கோட்டைக்கு அருகில் குடியமர்த்துவது அதற்குத் தேவையாயிற்று. இதற்காகக் காலெட் அமைத்த ஊரில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளும் சில கடைகளும் ஒரு கோயிலும் இருந்தன. இதே நோக்கில் அமைக்கப்பட்ட சிந்தாதிரிப்பேட்டை (1734) இதற்குப் பிந்தியதாகும்.

கோயில்

இங்குள்ள கல்யாண வரதராசப் பெருமாள் கோயில் காலெட் காலத்தது. ஆளுநரிடம் பணிபுரிந்த வீரராகவர் என்னும் அன்பர், காஞ்சிபுரம் வரதராசரை வழிபட்டு வருவதால் பணிக்குத் தாமதமாக வந்தார் என்றும், அவரது பக்தியைச் சோதித்தறிந்த ஆளுநர் இங்கேயே கோயில் எழுப்ப உதவினார் என்றும் செவிவழி மரபு கூறுகிறது.

அங்காடியும் உணவும்

காலடிப்பேட்டை மார்க்கெட் சுற்றுப்புறத்தாரின் அன்றாடக் கொள்முதல் இடமாகும். வடசென்னை அங்காடிகளுக்கு மீன் வழங்குவதில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் முதன்மையானது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை நடைமுறையிலுள்ள விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத்தில் வரத்துக் குறைந்து விலை உயர்வது வழக்கம். புரட்டாசியில் பலர் புலால் தவிர்ப்பதால் மீன் விற்பனை குறையும். 1960களில் பர்மாவிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ, மொய்ங்கா ஆகிய உணவுகள் வடசென்னையின் சாலையோரக் கடைகளில் விற்கப்படுகின்றன.

குடியிருப்புகள்

எண்ணூர் வரை தொழிற்சாலைகள் பெருகியதால் இப்பகுதியில் தொழிலாளர் குடியேற்றம் மிகுந்தது. 1970இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் திருவொற்றியூர் வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. அவற்றுள் அரிவாக்குளம் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு கட்டடம், கட்டி முப்பது ஆண்டுகள்கூட நிறைவுறாத நிலையில், 2021 திசம்பர் 27 அன்று இடிந்து விழுந்தது. விரிசல்களைக் கண்ட குடியிருப்போர் முன்னரே வெளியேறியமையால் உயிரிழப்பு ஏற்படவில்லை. ஆயினும் உடைமைகள் இடிபாடுகளில் சிக்கின. வாரியக் குடியிருப்புகளின் உறுதித்தன்மை குறித்த கேள்வியை இந்நிகழ்வு எழுப்பியது. இவ்வாரியம் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

போக்குவரத்து

வண்ணாரப்பேட்டை – விம்கோ நகர் மெட்ரோ நீட்டிப்பு 2021 பெப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. இத்தடத்தில் காலடிப்பேட்டை ஓர் உயர்மட்ட நிலையமாகும். ஆளுநர் காலெட்டின் பெயர், மருவிய வடிவில், இந்நிலையத்தின் பெயர்ப்பலகையிலும் நிலைபெற்றுள்ளது.