வீச்சு எண்ணிக்கையும் பிட்சரின் அடுத்த ஆட்டமும்

வீச்சு எண்ணிக்கை என்பது ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் பிட்சர், அதாவது பந்து வீச்சாளர், மட்டையாளர்களுக்கு வீசும் பந்துகளின் மொத்தம். அமெரிக்காவின் மேஜர் லீக்கில் பொதுவாக ஓர் அணிக்கு ஐந்து தொடக்கப் பிட்சர்கள் உண்டு. அவர்கள் முறைவைத்து வீசுவதால், ஒருவருக்கு இரு ஆட்டங்களுக்கு நடுவே நான்கைந்து நாள் ஓய்வு கிடைக்கிறது. ஒரு நாள் 120, 130 பந்து வீசியவர் அந்த ஓய்வுக்குள் தேறிவிடுகிறாரா என்பது நெடுநாள் விவாதம். அடுத்த ஆட்டத்தில் தெரியும் பாதிப்பு சிறியது என்றும், பல ஆட்டங்களில் சேரும் சுமையின் பாதிப்பு அதைவிடப் பெரியது என்றும் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன.

பின்னணி

முற்காலத்தில் யாரும் வீச்சுகளுக்கு வரம்பு வைக்கவில்லை. 1920 மே 1 அன்று புரூக்ளின் அணியின் லியோன் கேடோரும் பாஸ்டன் அணியின் ஜோ ஓஷ்கரும் ஒரே ஆட்டத்தில் ஆளுக்கு 26 இன்னிங்ஸ் (ஆட்டச் சுற்று) வீசினார்கள். ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிந்தது. 1974இல் பிட்சர் நோலன் ரயன் ஓர் ஆட்டத்தில் 235 பந்து வீசினார். மேஜர் லீக் ஆட்டங்களின் வீச்சு எண்ணிக்கை முறையாகப் பதிவானது 1988 முதல்தான். பின்னர் 100 என்பது எழுதப்படாத எல்லையாயிற்று. இன்று 120ஐத் தாண்டும் ஆட்டங்கள் மிக அரிது.

உடலில் நிகழ்வது

பந்தை விசையோடு வீசும்போது முழங்கையின் உட்புறத் தசைநார் கடுமையாக இழுபடுகிறது. முன்கைத் தசைகள் அந்த இழுவிசையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கின்றன. தசைகள் சோர்ந்தால் அந்தப் பங்கும் தசைநார்மீது விழுகிறது. தசைச் சோர்வு சில நாள் ஓய்வில் நீங்கிவிடும். தசைநாருக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அதில் ஏற்படும் நுண்ணிய சிதைவு மெதுவாகவே ஆறும். ஆகவே, அடுத்த ஆட்டத்தில் நன்றாக வீசுவதால் மட்டுமே கை முழுதாகத் தேறிவிட்டது என்று சொல்ல முடியாது.

ஆய்வுகள்

1998இல் பேஸ்பால் ஆய்வாளர் ரானி ஜசயெர்லி, பிட்சரின் கைமீது ஏற்றப்படும் சுமையை அளக்க ஒரு புள்ளி முறையை உருவாக்கினார். பின்னர் கீத் வூல்னர் அதைத் திருத்தி, 100க்கு மேல் வீசிய பந்துகளின் எண்ணிக்கையை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தினார். இதன்படி 110 பந்துக்கு 1,000 புள்ளி, 120 பந்துக்கு 8,000 புள்ளி. சோர்ந்த கையால் வீசும் ஒவ்வொரு பந்தும் முந்தையதைவிடக் கூடுதல் கேடு என்பதே இக்கணக்கின் அடிப்படை.

ஆய்வாளர்கள் பிராட்பரி, ஃபோர்மன் இருவரும் 1988 முதல் 2009 வரையிலான மேஜர் லீக் ஆட்டங்களை ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்பதே அவர்களின் அளவுகோல். முந்தைய ஆட்டத்தில் கூடுதலாக வீசிய ஒவ்வொரு பந்துக்கும் இது 0.007 உயர்ந்தது. அதாவது, 20 பந்து கூடினால் 0.14 ரன். முந்தைய பத்து ஆட்டங்களின் சராசரி ஒரு பந்து கூடினாலோ உயர்வு 0.022. அந்தச் சராசரியே 20 பந்து கூடினால் 0.44 ரன். ஓய்வு நாட்களுக்கும் ஆட்டத் திறனுக்கும் உள்ள தொடர்பு வலுவாக இல்லை.

ஒப்பிடுவதில் உள்ள சிக்கல்

130 பந்து வரை களத்தில் விடப்படுபவர் பெரும்பாலும் அன்று மிக நன்றாக வீசிக்கொண்டிருப்பவர். அத்தகைய நாளுக்கு அடுத்த ஆட்டம், சோர்வே இல்லாவிட்டாலும், வழக்கமான தரத்துக்கு இறங்கத்தான் செய்யும். அந்த இறக்கம் முழுவதையும் வீச்சு எண்ணிக்கையின் கணக்கில் எழுதுவது தவறு. எனவே பிட்சரின் வழக்கமான தரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

தனி ஆட்டங்கள் இரு பக்கமும் சாட்சி சொல்கின்றன. தோள் அறுவைச் சிகிச்சைக்குப் பின் திரும்பிவந்த யோகான் சான்டானா, 2012 ஜூன் 1 அன்று நியூயார்க் மெட்ஸ் அணிக்காக 134 பந்து வீசி, எதிரணி ஒரு ஹிட்டும் (பந்தை அடித்துத் தளம் சேர்வது) எடுக்காதபடி ஆட்டத்தை முடித்தார். அந்த அணியின் வரலாற்றில் அது முதல்முறை. கூடுதல் ஓய்வுக்குப் பின் ஜூன் 8 அன்று யாங்கீஸ் அணிக்கு எதிராக இறங்கியவர், ஐந்து இன்னிங்ஸில் நான்கு ஹோம் ரன்களோடு ஆறு ரன் கொடுத்தார். மாறாக, 1998 ஆகஸ்ட் 20 அன்று ஜப்பானின் கோஷியென் பள்ளிப் போட்டியில் 17 இன்னிங்ஸில் 250 பந்து வீசிய தைசுகே மட்சுசாகா, இரண்டே நாளில் இறுதி ஆட்டத்தில் ஒரு ஹிட்டும் கொடுக்காமல் வென்றார்.

கெர்ரி வுட் 1998 மே 6 அன்று 122 பந்து வீசி 20 மட்டையாளர்களை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அடுத்த ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸில் 13 பேர். ஆனால் 1999 பருவம் தொடங்குமுன்பே முழங்கைத் தசைநார் கிழிந்து, அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை. அந்த ஒரு நாளை அதற்குக் காரணமாக்க முடியாது. அடுத்த ஆட்டம் கையின் எதிர்காலத்துக்கு உறுதி தராது என்பதை மட்டும் அது காட்டுகிறது.

விதிகள்

மேஜர் லீக்கில் வீச்சு எண்ணிக்கைக்கு விதிப்படி உச்சவரம்பு இல்லை. முடிவு அணி மேலாளருடையது. வளரும் எலும்பும் மூட்டும் கொண்ட சிறுவர்களுக்கு வரம்பு கண்டிப்பானது. சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் 2007இல் அதைக் கட்டாயமாக்கியது. அங்கு 14 வயதுக்கு உட்பட்டவர் ஒரே நாளில் 66 அல்லது அதற்கு மேற்பட்ட பந்து வீசினால் நான்கு நாள் ஓய்வெடுக்க வேண்டும். நாட்டு அணிகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக்கில் 50 பந்தை எட்டியவருக்கும் நான்கு நாள் ஓய்வு. ஜப்பானின் உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளில் 2020 முதல் ஒருவர் ஒரு வாரத்துக்கு 500 பந்துதான் வீசலாம்.